கிணற்றில் 8ல் 1 பாகம்

வாசகர் கடிதம்: எங்கள் பூர்வீகம் கரூர் மாவட்டம், அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு சிறிய ஊர். அப்பா காலம் வரை விவசாயம்தான். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் அப்பா தவறிய பிறகு, அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு பழைய பத்திரங்கள் கிடைத்தன. ஒன்று 1912ல் எழுதிய கிரையப் பத்திரம். இன்னொன்று பாதி கிழிந்த அடமானப் பத்திரம். அதில் ‘கோயமுத்தூர் ஜில்லா’ என்பதும், எங்கள் ஊர்ப் பெயரும், ‘பராபவ வருஷம் தை மாதம்’ என்பதும், ‘கிணற்றில் 8ல் 1 பாகம்’ என்பதும்தான் படிக்க முடிகிறது. அப்படியானால் நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்களா? அப்பாருவின் (அப்பாவின் அப்பா) அப்பா, அதாவது பூட்டனார் பெயர் வரை தெரியும். அதற்கு மேல் தெரியவில்லை. கணினிப் பட்டாவில் தேடினால் என் அப்பா பெயரோடு நின்றுவிடுகிறது. பூட்டனார் பெயரில் ஊரில் மூன்று குடும்பம் இருக்கிறது. அப்பாருவின் அம்மா பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எண்பத்தாறு வயதில் ஒரு அத்தை மட்டும் ஊரில் இருக்கிறார், ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவை இழந்த வருஷத்திலேயே அவர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மனநிலை எனக்குப் புரிகிறது. நான் சார்பதிவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது பழைய ஆவணங்களைப் படித்துச் சொல்வதுதான் என் பொழுது. உங்கள் கையில் இருக்கும் அந்த இரண்டு தாள்களும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேசும்.

முதலில் கோயம்புத்தூர் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். நீங்கள் எங்கிருந்தும் வரவில்லை, ஜில்லாதான் மாறியது. கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்த வருஷம் அதைத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்த்தார்கள். கரூர் தனி மாவட்டமானது 1995ல். உங்கள் 1912 பத்திரத்தின் முதல் வரியைப் பாருங்கள், ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா’ என்று இருக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே காடு (உங்கள் பக்கத்தில் விவசாய நிலத்தைக் காடு என்பார்கள்), மூன்று ஜில்லாப் பெயர். இதைத் தெரியாமல், ‘எங்க முன்னோர் கோயமுத்தூர்ல இருந்து பஞ்சம் பிழைக்க வந்தாங்க’ என்று வம்சாவளியிலேயே எழுதி வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பராபவ வருஷம். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். பராபவ 1846லும் வந்தது, 1906லும் வந்தது, 1966லும் வந்தது. கோயமுத்தூர் ஜில்லா என்று இருப்பதால் 1966 அடிபட்டுப்போகிறது. மிச்சம் இரண்டில் எது என்பதை முத்திரைத் தாளின் தலையைப் பார்த்துச் சொல்லலாம். தாடி வைத்த, வழுக்கை விழுந்த ராஜா தலை இருந்தால் அது ஏழாம் எட்வர்டு, 1901க்கும் 1910க்கும் இடைப்பட்ட தாள். அப்படி இருந்தால், பராபவ தை மாதம் என்பது 1907 ஜனவரி, பிப்ரவரி. தாளின் பின்பக்கத்தில் ஸ்டாம்பு வெண்டர் எழுதிய ஒரு வரியும் இருக்கும்: எந்தத் தேதியில், எந்த ஊர் இன்னாருக்கு விற்றது என்று. முன்பக்கம் கிழிந்த பத்திரத்துக்கு அந்த ஒரு வரியே பல சமயம் உயிர் கொடுத்துவிடும்.

அதே பின்பக்கத்தில் பதிவு அலுவலகத்தின் முத்திரையும், ‘1 புத்தகம், இத்தனாவது வால்யூம், இத்தனை பக்கங்கள், 1907ம் வருஷத்திய இத்தனாவது நெம்பர்’ என்று ஒரு குறிப்பும் இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இருந்தால் சந்தோஷப்படுங்கள். அந்தக் காலத்தில் பதிவு செய்த ஒவ்வொரு பத்திரத்தையும் எழுத்தர் ஒருவர் முழுக்கக் கையால் அலுவலகப் புத்தகத்தில் நகல் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் தாள் கிழிந்தது, அந்தப் புத்தகம் இருந்தால் அதில் முழுதாக இருக்கும். 1 புத்தகம் என்பது நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்களுக்கானது. யார் மனுப் போட்டாலும் நகல் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: இன்றைக்கு உங்கள் ஊருக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகம் பிற்காலத்தில் பிரிந்து வந்ததாக இருக்கலாம். ‘இந்த அலுவலகம் எந்த வருஷம் தொடங்கியது, அதற்கு முன்னால் எந்த அலுவலகம்’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வால்யூம்கள் தாய் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பூட்டனார் பெயரை வைத்துத் தேடியிருக்கிறீர்கள். அங்கேதான் முட்டிக்கொண்டீர்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். உதாரணத்துக்கு, ராமசாமி மகன் கருப்பண்ணன், கருப்பண்ணன் மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடியும் கருப்பண்ணன். அண்ணன் தம்பி நாலு பேரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே தாத்தா பெயரை வைத்தால், ஒரே தலைமுறையில் ஒரே ஊரில் நாலு ராமசாமி. அவர்களைப் பிரிக்க ஊர் வைத்த பட்டப்பெயர் பதிவேட்டில் ஏறாது. ஊரில் மூன்று குடும்பத்தில் அந்தப் பெயர் இருக்கிறது என்றீர்களே, அந்த மூன்றும் உங்கள் பங்காளி வீடுகளாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பெயர் எங்கே சேர்கிறதோ அவர்தான் நீங்கள் தேடும் ஆள்.

ஆகவே மனிதரை விட்டுவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். மனிதர் செத்துப்போவார், பெயர் மாறி மாறி வரும், காடு அங்கேயேதான் கிடக்கும். 1912 பத்திரத்தில் இருக்கும் சர்வே நம்பரை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ ‘அ’ பதிவேட்டை (கிராமத்து நிலங்களின் பட்டியல்) கேளுங்கள். அதில் இன்றைய புல எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய புல எண் என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்திதான் பாலம். கணினியில் தெரிவது 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தைய நிலவரம், ஊரில் யு.டி.ஆர். என்றால் எல்லாருக்கும் தெரியும். உங்கள் அப்பா பெயரோடு நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் (நிலவரி நிர்ணயித்தபோது எழுதியது), பழைய சிட்டா (யார் பெயரில் எவ்வளவு நிலம்), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர்) கணக்குகளையும் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு இல்லை என்று வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். ஊரில் கிடைக்காத செட்டில்மென்ட் பதிவேட்டுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. நீங்கள் சென்னையில் இருப்பதால் அது கைக்கெட்டும் தூரம்தான்.

இந்தக் கணக்குகளில் வருஷம் பசலியில், அதாவது நிலவரிக் கணக்குக்கான வருஷத்தில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஜூலையில் தொடங்கும். பசலி 1322 என்றால் 1912 ஜூலை முதல் 1913 ஜூன் வரை. பெட்டியில் கிஸ்து (நிலவரி) கட்டிய ரசீதுகள் ஏதாவது இருந்தால் குப்பை என்று போட்டுவிடாதீர்கள், அதில் பட்டா எண்ணும் பசலியும் இருக்கும்.

பட்டாவைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாந்துபோவோம். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா இருப்பது வழக்கம். அங்கே இருக்கும் பெயர் உங்கள் நேர் பூட்டனார் இல்லாமல் அவருடைய அண்ணனாக இருக்கலாம். இன்னொன்று, செத்து முப்பது வருஷம் ஆனவர் பெயரிலும் பட்டா ஓடிக்கொண்டிருக்கும். 1940ஆம் வருஷக் கணக்கில் ஒருவர் பெயர் இருப்பதால் அவர் 1940ல் உயிரோடு இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். நிலம் யார் பெயரில் இருந்தது என்பதைத்தான் பட்டா சொல்லும். யார் யாருக்குப் பிறந்தார் என்பதைப் பத்திரம்தான் சொல்லும்.

அதனால் பத்திரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் ‘இன்டெக்ஸ் 2’ என்று ஒரு அட்டவணை உண்டு, அது சொத்தை வைத்துத் தேடுவது. பெயரை வைத்துத் தேடுவது இன்டெக்ஸ் 1. நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். கிராமமும் சர்வே நம்பரும் சொல்லி, 1900லிருந்து 1940 வரை அந்தக் காட்டின் மேல் என்னென்ன பத்திரம் எழுதப்பட்டது என்று தேடச் சொல்லுங்கள். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று இவ்வளவு பின்னால் போகாது. நேரில் போய் மனுப் போட்டு, தேடுதல் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரே நாளில் முடியாது. அலுக்காமல் போய் வாருங்கள்.

நகல் கையில் வந்ததும், எல்லாரும் விலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் வாக்கியத்தைப் பாருங்கள். ‘எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு’ என்றிருந்தால், அந்தக் காடு அவர் தகப்பனார் வழியில் வந்தது. அதே நிலத்தில் இன்னும் மேலே போனால் இன்னொரு தலைமுறை கிடைக்கும். ‘சுயார்ஜிதம்’ என்றோ, ‘இன்னாரிடம் கிரையம் பெற்று’ என்றோ இருந்தால், அந்த நிலத்தில் உங்கள் குடும்பத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அதற்கு மேல் ஏறினால் விற்றவருடைய வம்சத்தில் போய் நிற்பீர்கள். இதைக் கவனிக்காமல் அடுத்த வீட்டுக்காரர் பரம்பரையை ஆறு தலைமுறை தேடி எடுத்த ஒருவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்.

அப்புறம் செக்குபந்தி. கிழக்கே இன்னார் காடு, மேற்கே இன்னார் காடு என்று நாலு எல்லையும் வரும் பகுதி. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பாகம் பிரித்த காட்டில் பக்கத்துக் காட்டுக்காரர் பெரும்பாலும் கூடப்பிறந்தவர்தான். நாலு எல்லையில் இரண்டில் ஒரே தகப்பன் பெயர் வந்தால் அண்ணன் தம்பிகளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கடைசியில் சாட்சிக் கையெழுத்து, அதற்கடுத்து, பதிவின்போது ‘இன்னாரென்று நிரூபித்தவர்’ பெயர்கள். கைநாட்டு வைப்பவரை அடையாளம் காட்ட யாரைக் கூட்டிப் போவார்கள்? மச்சானையோ, பங்காளியையோ, மாமனையோதான். அவர்களுக்கும் தகப்பன் பெயரும் ஊரும் எழுதியிருக்கும்.

படிக்கச் சிரமமான குறிகள் வரும். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௸ என்றால் மேற்படி. எண்கள் தமிழில் இருக்கலாம். சில தாள்களில் எட்டில் ஒன்றை ‘அரைக்கால்’ என்றும் பதினாறில் ஒன்றை ‘மாகாணி’ அல்லது ‘வீசம்’ என்றும் எழுதியிருப்பார்கள். நாலு பத்திரம் படித்தால் கண் பழகிவிடும்.

எட்டில் ஒன்று என்றதும் உங்கள் கிணற்றுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஏதோ மிச்சம் மீதி போல எழுதியிருந்த அந்த வரியைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. உங்கள் பகுதி மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமும். காட்டை வெட்டிப் பிரிக்கலாம், கிணற்றை வெட்ட முடியாது. அதனால் பாகப்பிரிவினையில் கிணற்றையும் கவலைத் தடத்தையும் (மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் தடம்) வண்டித் தடத்தையும் பொதுவில் விட்டு, பங்கை மட்டும் எண்ணால் எழுதுவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த எண் அந்த வீட்டின் ஆண் வாரிசுகளின் எண்ணிக்கையால் வகுபடும். மொத்தக் கிணறும் ஒருவருக்கு இருந்து, அவருக்கு இரண்டு மகன், அதில் ஒருவருக்கு நாலு மகன் என்றால் அந்த நால்வருக்கும் 8ல் 1. நாலு மகனும் அதில் ஒருவருக்கு இரண்டு மகனும் என்றாலும் 8ல் 1. மூன்று தலைமுறையாக இரண்டு இரண்டு மகன் என்றாலும் அதே 8ல் 1. ஆக, 1907ல் அடமானம் வைத்த உங்கள் முன்னோருக்கு மேலே ஒரு தலைமுறைக்குக் குறையாமல், அநேகமாக இரண்டோ மூன்றோ தலைமுறை, அந்தக் கிணற்றில் இறைத்திருக்கிறது. நடுவில் யாராவது பங்கை விற்றோ வாங்கியோ இருந்தால் கணக்கு மாறும், அதனால் இதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மீதி ஏழு பாகம் யார் யாரிடம் இருந்தது என்பதை அதே சர்வே நம்பரில் தேடிச் சேர்த்தால், எட்டுப் பாகத்துக்காரர்களும் ஒரு வட்டமாக வந்து உட்காருவார்கள். அந்த மூன்று குடும்பமும் அதற்குள் இருந்தால், உங்கள் முடிச்சு அவிழ்ந்தது.

இப்போது அப்பாருவின் அம்மா. பட்டாவில் அவரைத் தேடாதீர்கள், அநேகமாக இருக்க மாட்டார். பெண்களுக்குச் சொத்தில் உரிமையை விரிவாகத் தந்த இந்து வாரிசுரிமைச் சட்டமே 1956ல்தான் வந்தது. ஆனால் குடும்பத்தில் ஏதாவது இடி விழுந்த நேரத்தில் பெண்கள் பத்திரத்துக்குள் வந்துவிடுவார்கள். புருஷன் சின்ன வயதில் செத்துப்போனால், ‘மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான இன்னாரம்மாள்’ என்று அவர்தான் எழுதிக் கொடுத்தாக வேண்டும். விதவைக்கு ஜீவனாம்சத்துக்காக ஒரு துண்டு நிலம் விட்டிருப்பார்கள். சீதனமாகப் போட்ட நகையை விற்று வாங்கிய காடு அவர் பெயரில் இருக்கும். அங்கே ‘இன்னார் பெண்ஜாதி’ என்று மட்டும் போடாமல் சில சமயம் ‘இன்னார் குமாரத்தி’ என்றும் எழுதியிருப்பார்கள். அது கிடைத்தால் அவர் பிறந்த வீடே தெரிந்துவிடும். உங்கள் அப்பாரு சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவரா என்று அத்தையிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், அந்தப் பூட்டி பத்திரத்தில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு.

பத்திரத்தில் இல்லையென்றால் பிறப்புப் பதிவேடு. கிராம மணியக்காரர் எழுதிய பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ தப்பிப் பிழைத்திருக்கலாம். அதில் குழந்தையின் பெயர் இருக்காது, ‘ஆண்’ என்று மட்டும் இருக்கும். தகப்பன், தாய் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்தது. அந்தக் கணக்குப்பிள்ளை வீட்டு வாரிசுகள் ஊரில் இருந்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பரணில் ஏதாவது இருக்கும்.

அரசாங்கத்தில் இல்லாதது வீட்டில் இருக்கும். மொய் நோட்டுகளைத் தேடுங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமன் சீர் யார் செய்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதில்தான் இருக்கும். அப்பாரு வீட்டு விசேஷத்தில் தாய்மாமன் வரிசையில் எழுதிய ஊர், அவருடைய அம்மா பிறந்த ஊர். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு இருந்தால் அதுவும் பார்க்க வேண்டியது. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அப்பன் மகன் வரிசையிலேயே எழுதும் பழக்கம் பல கோயில்களில் உண்டு.

ஒன்றைக் கனிவோடு சொல்கிறேன். பங்காளி வீட்டுக்குப் போய் முதல் வார்த்தையாகப் பழைய பத்திரம் இருக்கா என்று கேட்காதீர்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து 1907ஆம் வருஷப் பத்திரத்தைக் கேட்டால், சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு உதவப் போய், நானே அப்படிக் கேட்டு, திண்ணையிலேயே பேச்சு முடிந்துபோனது. அவர் குடும்பத்தில் ஒரு கிளை இன்றுவரை காலியாகவே இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்ததை முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘உங்க தாத்தா பெயர் இதில் இருக்கு பாருங்க’ என்று 1912 பத்திரத்தின் நகலை அவர்கள் கையில் கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

உங்கள் அம்மா வழியைப் பற்றி எழுதவில்லை. அவர்கள் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுதவர்களாக இருந்தால் இந்தப் பாதை பாதிதான் உதவும். பத்திரம் உடையவரைத்தான் எழுதும், உழுதவரை எழுதாது. அடங்கலில் பயிர் செய்தவர் பெயரும், 1969ஆம் வருஷச் சட்டப்படி எடுத்த குத்தகைதாரர் பதிவேட்டில் சில பெயர்களும் கிடைக்கும். அதற்கு முன்னால் வாய்வழிதான். அதனால் அம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாள்களை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூடு பட்டால் மை போகும், ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். நல்ல பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, மடிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எழுதும் மரத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்று குறியுங்கள். யூகம் என்றால் யூகம் என்றே எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு ஒருவர் இதைத் தொடர வேண்டும்.

பதிவு அலுவலகம் அடுத்த மாதமும் இருக்கும். அத்தையிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். வம்சாவளி சொல்லுங்கள் என்று கேட்டால் அவருக்குத் திணறும். அந்தக் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். பொதுக் கிணற்றில் முறை வைத்துத்தான் இறைப்பார்கள். 8ல் 1 என்றால் எட்டு நாளைக்கு ஒரு நாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அத்தை வாய்க்காலில் மடை மாற்றி விட்டிருப்பார். ‘நம்ம முறைக்கு முந்தின நாள் யாரு இறைச்சாங்க, அடுத்த நாள் யாரு?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்கிற பெயர்களை அந்த வரிசையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.